ஏர் கம்ப்ரசர்: காற்றழுத்தத்தை அறிந்து கட்டுப்படுத்துங்கள்

ஜவ்வாது மலையில் தோன்றும் செய்யாறு செங்கத்தின் வழியாகத்தான் பாய்கிறது. ஆனால் ஆற்றில் தண்ணீர் ஓடும் நாட்கள் குறைவு. திருவண்ணாமலை மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் உள்ள செங்கம் வட்டாரத்தில் மல்லாட்டை, நெல், கரும்பு, பூச்செடி என்று எதைப் பயிரிட்டாலும் கிணற்றையும் போர்வெல்லையும் நம்பியே விவசாயிகள் இருக்கிறார்கள். பூமிக்கு அடியில் இருப்பது கடினப் பாறை. மேலே உள்ள மக்கிய பாறையிலும், கீழே உள்ள வெடிப்புகளிலும் மட்டுமே தண்ணீர் தங்குகிறது. ஆகவே இங்கு பல போர்வெல்களில் நீர் ஊற்று குறைவு.

இப்படிப்பட்ட போர்வெல்லுக்கு ஏர் கம்ப்ரசர் ஏற்றதாக இருக்கிறது. குழிக்குள் சுழலும் பாகம் எதுவும் இல்லை. தண்ணீர் வற்றினாலும் உள்ளே எரிந்துபோக மோட்டார் இல்லை. மணலும் சேறும் கலந்து வந்தாலும் பெரிய கெடுதல் இல்லை. பழுது வந்தால் தரையின் மேலேயே பார்த்துவிடலாம். நீர்மூழ்கி மோட்டாரைவிட மின்சாரம் அதிகம் செலவாகும் என்பது மட்டுமே இதன் குறை.

ஆனால் கம்ப்ரசர் வைத்திருக்கும் பலருக்கு அதன் மேல் உள்ள முள், வால்வு, திருகு ஆகியவை எதற்காக என்பது தெரிவதில்லை. தண்ணீர் குறைந்தால் 'காற்றைக் கூட்டு' என்பார்கள். சேப்டி வால்வு சீறினால் அதை இறுக்கிவிடுவார்கள். வேறு சிலர் ரெகுலேட்டர் ஒன்று வாங்கிப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். இந்த மூன்றுமே தவறு. முதல் தவறு பணத்தை வீணாக்கும். இரண்டாவது உயிரையே பறிக்கும். மூன்றாவது வந்துகொண்டிருக்கும் தண்ணீரையும் நிறுத்திவிடும். எந்தக் கருவி எதற்கு, எதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைப் பார்க்கலாம்.

ஏரியைப் போல ஒரு காற்றுத் தொட்டி

கம்ப்ரசரின் காற்றுத் தொட்டியை ஓர் ஏரியாக எண்ணிக்கொண்டால் எல்லாம் எளிதில் விளங்கும். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாயைப் போல, தொட்டிக்குக் காற்றைக் கொண்டுவருவது கம்ப்ரசரின் பிஸ்டன்.

ஏரியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று காட்ட அளவுக்கல் இருக்கும். கம்ப்ரசரில் அந்த வேலையைச் செய்வது முள் உள்ள பிரஷர் கேஜ்.

ஏரி நிரம்பினால் தானே வழிந்து போகக் கலங்கல் உண்டு. 'ஏரி கோடி போகிறது' என்று ஊரார் சொல்வது இதைத்தான். கம்ப்ரசரில் கலங்கலாக இருப்பது சேப்டி வால்வு. அழுத்தம் அளவை மீறினால் அது தானே திறந்து காற்றை வெளியே விட்டுவிடும்.

ஏரியிலிருந்து வயலுக்கு வேண்டிய அளவு மட்டும் தண்ணீரைத் திறந்துவிடுவது மதகு. கம்ப்ரசரில் மதகின் வேலையைச் செய்வதுதான் ரெகுலேட்டர். தொட்டியில் 8 கிலோ அழுத்தம் இருந்தாலும், வேலைக்கு 2 கிலோ போதும் என்றால் 2 கிலோவை மட்டும் அது வெளியே அனுப்பும்.

ஏரி நிரம்பிய பிறகு வரத்துக் கால்வாயை அடைத்து, குறைந்த பிறகு மறுபடி திறந்துவிட ஓர் ஆள் இருந்தால் எப்படியோ, அப்படி வேலை செய்வது பிரஷர் சுவிட்ச். குறித்த அழுத்தம் வந்ததும் மோட்டாரை நிறுத்தும், குறைந்ததும் ஓடவிடும். சில கம்ப்ரசர்களில் மோட்டார் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். காற்று மட்டும் தொட்டிக்குள் ஏறாதபடி செய்யும் அன்லோடர் வால்வு அதில் இருக்கும்.

மதகு இருக்கிறதே என்று கலங்கலை அடைக்கும் ஊர் எங்கும் இல்லை. அடைத்தால் கரை உடையும். அதுபோல ரெகுலேட்டர் இருக்கிறது என்பதற்காக சேப்டி வால்வு இல்லாமல் கம்ப்ரசரை ஓட்டக் கூடாது. ரெகுலேட்டர் வெளியே போகும் அழுத்தத்தைத்தான் குறைக்கும். தொட்டிக்குள் ஏறும் அழுத்தத்தை அது தடுக்காது.

காற்று எப்படித் தண்ணீரை ஏற்றுகிறது?

கிணற்று மேட்டில் வைத்த சாதாரண பம்பு தண்ணீரை உறிஞ்சக்கூடிய ஆழத்துக்கு எல்லை உண்டு. காற்று மண்டலத்தின் அழுத்தம் சுமார் 34 அடி உயரத் தண்ணீருக்குச் சமம். இதை இத்தாலி நாட்டு அறிஞர் டாரிசெல்லி 1643-ஆம் ஆண்டில் பாதரசக் குழாயைக் கொண்டு விளக்கினார். நடைமுறையில் 25 அடிக்கு மேல் உறிஞ்சுவது கடினம். ஆகவே ஆழமான போர்வெல்லில் கீழிருந்து தள்ளவோ தூக்கவோதான் வேண்டும்.

காற்றைக் கொண்டு தண்ணீரை ஏற்றும் முறையை 1797-ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த லோஷர் என்பவர் கண்டறிந்தார். அதே முறைதான் இன்றும் செங்கத்துப் போர்வெல்களில் உள்ளது. பெரிய குழாய் ஒன்றும், அதை ஒட்டி மெல்லிய காற்றுக் குழாய் ஒன்றும் குழிக்குள் இறங்குகின்றன. காற்றுக் குழாயின் அடி நுனியில் வெளிவரும் காற்று, பெரிய குழாய்க்குள் உள்ள தண்ணீரில் குமிழி குமிழியாகக் கலக்கிறது. குமிழி கலந்த தண்ணீர் எடை குறைந்தது. வெளியே உள்ள தண்ணீர் எடை கூடியது. எடை கூடிய தண்ணீர் எடை குறைந்ததை மேலே தள்ளிவிடுகிறது.

இதிலிருந்து ஒரு முக்கியமான உண்மை தெரிகிறது. தண்ணீரை மேலே தள்ளுவது காற்றின் அழுத்தம் அல்ல. குழிக்குள் நிற்கும் தண்ணீரின் எடைதான். காற்றுக்கு இருக்க வேண்டிய அழுத்தம், தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் நுனியிலிருந்து வெளியே வரும் அளவு மட்டுமே. அதற்கு மேல் அழுத்தம் இருந்தால் தண்ணீர் கூடாது. தண்ணீரின் அளவைத் தீர்மானிப்பவை காற்றின் கன அளவும், நுனி எவ்வளவு ஆழம் மூழ்கியிருக்கிறது என்பதும்தான்.

முள் சொல்லும் கணக்கு

டயர் கடையில் 'பவுண்டு' என்றும், பட்டறையில் 'கிலோ' என்றும் சொல்வார்கள். ஒரு சதுர அங்குலத்தின் மேல் எத்தனை பவுண்டு என்பது முதல் கணக்கு. ஒரு சதுர சென்டிமீட்டரின் மேல் எத்தனை கிலோ என்பது இரண்டாவது. ஒரு கிலோ 14.2 பவுண்டுக்குச் சமம். பெரும்பாலான கேஜ்களில் இரண்டு அளவும் குறிக்கப்பட்டிருக்கும்.

விவசாயிகள் மனத்தில் வைக்க வேண்டிய கணக்கு ஒன்றே ஒன்று. ஒரு கிலோ அழுத்தம் என்பது 33 அடி தண்ணீர். பவுண்டில் பார்த்தால், ஒரு பவுண்டு என்பது 2.3 அடி தண்ணீர்.

எடுத்துக்காட்டாக, 300 அடி போர்வெல் ஒன்றில் காற்றுக் குழாயின் நுனி 280 அடியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காலையில் தண்ணீர் மட்டம் 130 அடியில் நிற்கிறது. நுனிக்கு மேலே 150 அடி தண்ணீர் இருக்கிறது. 150-ஐ 33-ஆல் வகுத்தால் சுமார் 4.5 கிலோ. அதாவது கம்ப்ரசரைப் போட்டதும் முள் 4.5 கிலோ, அல்லது 65 பவுண்டு வரை ஏறும். அதன் பிறகுதான் தண்ணீர் வரத் தொடங்கும்.

இறைக்க இறைக்கத் தண்ணீர் மட்டம் கீழே இறங்குகிறது. 180 அடியில் நிலைத்தால் நுனிக்கு மேல் 100 அடி தண்ணீர் மிச்சம். முள்ளும் 3 கிலோவுக்கு இறங்கிவிடும். குழாயில் ஏற்படும் உராய்வினால் இதைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டலாம். மட்டம் 220 அடிக்குப் போய்விட்டால் 60 அடி தண்ணீர்தான் மிச்சம். முள் சுமார் 1.8 கிலோவில் நிற்கும். அப்போது தண்ணீர் விட்டுவிட்டு வரும். காற்றே அதிகம் வெளிவரும்.

முள் இறங்கினால் கம்ப்ரசர் பலமிழந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. எங்கும் காற்று கசியாமல், பெல்ட்டும் வழுக்காமல் இருந்து முள் இறங்கினால், போர்வெல்லில் தண்ணீர் மட்டம் இறங்கிவிட்டது என்பதுதான் பொருள். அந்த நிலையில் பெரிய மோட்டார் வாங்கினாலும், அழுத்தம் கூடிய கம்ப்ரசர் வாங்கினாலும் இல்லாத தண்ணீர் வராது. சில மணி நேரம் நிறுத்தி ஊறவிட்டு இறைப்பதே நல்லது.

மூழ்கும் அளவுக்கும் ஒரு கணக்கு உண்டு. தரையிலிருந்து நுனி வரை உள்ள மொத்த நீளத்தில், ஓடும்போது பாதி அளவு தண்ணீருக்குள் இருந்தால் இறைப்பு நன்றாக இருக்கும். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் மின்சாரச் செலவு கூடி, தண்ணீர் குறையும். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் 280 அடிக்கு 100 அடி என்பது மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டிய நிலை. 60 அடி என்பது ஐந்தில் ஒரு பங்கு. இதில் கம்ப்ரசரைத் தொடர்ந்து ஓட்டுவது வீண்.

காற்றின் அளவு கூடினாலும் கெடுதல் உண்டு. அளவுக்கு மேல் காற்று போனால் குழாய் முழுவதும் காற்றே நிறைந்து தண்ணீருக்கு இடமில்லாமல் போகும். தண்ணீர் தூறலாகச் சிதறி வந்தால் அதுவே அடையாளம். 200 லிட்டர் டிரம் ஒன்றை வைத்து, நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்க்க வேண்டும். காற்றுக் குழாயில் ஒரு சிறு காக் வைத்துக் கொஞ்சம் காற்றை வெளியே விட்டு மறுபடி அளந்து பார்க்கலாம். டிரம் சீக்கிரம் நிரம்பினால், காற்று அதிகமாக இருந்தது என்று பொருள். அதன் பிறகு மோட்டாரின் கப்பியைச் சிறிதாக மாற்றி வேகத்தைக் குறைத்தால் மின்சாரமும் மிச்சமாகும்.

மழைக்குப் பிறகு வரும் ஆபத்து

கோடையில் ஒழுங்காக ஓடிய கம்ப்ரசர், நல்ல மழை பெய்த பிறகு சீறத் தொடங்குவதுண்டு. காரணம் எளிது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் மட்டம் 30 அடிக்கு ஏறிவிட்டால், 280 அடியில் உள்ள நுனிக்கு மேல் 250 அடி தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீரைத் தள்ளிக் காற்று வெளியே வர 7.6 கிலோ, அதாவது 108 பவுண்டு அழுத்தம் வேண்டும். தொட்டிக்கு அனுமதிக்கப்பட்ட அழுத்தம் 7 கிலோ என்றால், சேப்டி வால்வு 7 கிலோவில் திறந்துகொள்ளும். தண்ணீரே வராது.

இந்த இடத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். வால்வு கெட்டுவிட்டது என்று நினைத்து அதன் திருகை இறுக்குகிறார்கள், கம்பியால் கட்டுகிறார்கள், கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் போல்ட்டைத் திருகி அடைக்கிறார்கள். வால்வு கெடவில்லை. அது தன் வேலையைத்தான் செய்தது.

வால்வை அடைத்தால் என்ன ஆகும் என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். தொட்டியின் பக்க மூடி 30 சென்டிமீட்டர் விட்டம் உள்ளதாக வைத்துக்கொண்டால், அதன் பரப்பு சுமார் 700 சதுர சென்டிமீட்டர். 7 கிலோ அழுத்தத்தில் அந்த மூடியைக் காற்று தள்ளும் விசை ஏறக்குறைய 5 டன். மல்லாட்டை மூட்டை நிறைய ஏற்றிய வண்டியின் பாரம் ஒரு தட்டின் மேல் இறங்குவது போன்றது இது. உட்புறம் துருப்பிடித்து மெலிந்த தகடு இதைத் தாங்காமல் வெடித்தால் பக்கத்தில் நிற்பவர் தப்புவது அரிது.

சரியான வழி, குழாய்களை மேலே தூக்குவதுதான். நுனியை 280 அடியிலிருந்து 220 அடிக்கு உயர்த்தினால், நுனிக்கு மேல் 190 அடி தண்ணீரே இருக்கும். தொடக்க அழுத்தம் 5.8 கிலோவாகக் குறையும். மூழ்கும் பங்கு போதுமானதாக இருப்பதால் தண்ணீரும் நன்றாக வரும். கோடையில் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். ஆண்டுக்கு இருமுறை ஆள் வைத்துச் செய்யும் இந்த வேலைக்கு ஆகும் செலவு, ஒரு மோட்டார் காயில் கட்டும் செலவைவிடக் குறைவாகவே இருக்கும். ஆண்டு முழுவதும் ஆழத்திலேயே வைத்து இறைக்க வேண்டிய போர்வெல்லாக இருந்தால், அதிக அழுத்தத்துக்கென்றே செய்யப்பட்ட இரண்டு கட்ட கம்ப்ரசரையும், அதற்கேற்ற தொட்டியையும், வால்வையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

போர்வெல்லுக்கு ரெகுலேட்டர் வேண்டுமா?

வேண்டியதில்லை. போர்வெல்லுக்குப் போகும் காற்றின் அழுத்தத்தைத் தண்ணீரே தீர்மானித்துக்கொள்கிறது. நடுவில் ரெகுலேட்டரைப் போட்டு 3 கிலோவுக்கு வைத்துவிட்டால், தொடக்கத்தில் 4.5 கிலோ வேண்டிய போர்வெல்லில் காற்று வெளியே வராமல் நின்றுவிடும். சிறிய ரெகுலேட்டர் காற்றின் அளவையும் குறைத்துவிடும். போர்வெல் குழாயில் இருக்க வேண்டியவை மூன்று: சரியாகக் காட்டும் கேஜ், சரியாகத் திறக்கும் சேப்டி வால்வு, நிறுத்தியதும் காற்று திரும்பி வராமல் தடுக்கும் நான் ரிட்டர்ன் வால்வு.

ஆனால் அதே கம்ப்ரசரிலிருந்து வேறு வேலைகளுக்கும் காற்று எடுப்பதாக இருந்தால் ரெகுலேட்டர் கட்டாயம் வேண்டும். டிராக்டருக்கும் டயர் வண்டிக்கும் காற்று பிடிப்பது, ரேடியேட்டரையும் ஏர் பில்டரையும் ஊதித் துடைப்பது, மோட்டாரில் சேர்ந்த தூசியை நீக்குவது, கலப்பைக்கும் டிரெய்லருக்கும் வண்ணம் பூசுவது ஆகியவை அப்படிப்பட்ட வேலைகள்.

ரெகுலேட்டருக்குள் என்ன இருக்கிறது?

வீட்டில் காஸ் சிலிண்டரின் மேல் இருப்பதும் ஒரு ரெகுலேட்டர்தான். சிலிண்டருக்குள் உள்ள அதிக அழுத்தத்தை அடுப்புக்கு ஏற்ற குறைந்த அழுத்தமாக அது மாற்றுகிறது. காற்று ரெகுலேட்டரின் தத்துவமும் அதுவே. உள்ளே ஒரு வில், ரப்பர் தகடு, சிறிய வால்வு ஆகியவை உண்டு. மேலே உள்ள திருகை வலப்புறம் திருகினால் வில் அழுந்தி, ரப்பர் தகட்டைத் தள்ளி, வால்வைத் திறக்கும். வெளியே போகும் காற்றின் அழுத்தம் வில்லின் பலத்துக்குச் சமமானதும் தகடு மேலே எழும்பி வால்வு மூடிக்கொள்ளும். வெளியே காற்று செலவானால் மறுபடி திறக்கும். இப்படி மூடியும் திறந்தும் அழுத்தத்தை ஒரே நிலையில் வைத்திருக்கும்.

சாதாரண காக்குக்கும் ரெகுலேட்டருக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். காக்கைக் கொஞ்சம் திறந்தால் காற்று குறைவாக வரும். ஆனால் குழாயின் மறுமுனை மூடியிருந்தால், சற்று நேரத்தில் தொட்டியின் முழு அழுத்தமும் அங்கே ஏறிவிடும். ரெகுலேட்டரில் அப்படி ஏறாது.

தேர்ந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

1. உட்புகும் அழுத்தம்: ரெகுலேட்டர் தாங்கும் அளவு, தொட்டியின் மிக அதிக அழுத்தத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். தொட்டி 8 கிலோ வரை போகும் என்றால் 10 கிலோவுக்குக் குறையாமல் தாங்குவதை வாங்க வேண்டும்.

2. வெளியே தரும் அழுத்தம்: பெரும்பாலும் 2 கிலோவில் வேலை என்றால், 0 முதல் 4 கிலோ வரை தருவது நல்லது. 16 கிலோ வரை போகும் ரெகுலேட்டரில் 2 கிலோவை நுட்பமாக வைக்க முடியாது. கேஜிலும் முள் நடுப்பகுதியில் நிற்கும்படி இருந்தால்தான் அளவு சரியாகத் தெரியும்.

3. காற்றின் அளவு: கருவிக்கு நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று வேண்டும் என்று கேட்டு, அதைவிடக் கூடுதலாக விடும் ரெகுலேட்டரை வாங்க வேண்டும். கால் அங்குல ரெகுலேட்டர் டயருக்குப் போதும். வண்ணம் பூசும் துப்பாக்கிக்கு அரை அங்குலம் நல்லது. சிறியதாக இருந்தால் வேலை நடக்கும்போது அழுத்தம் தாழ்ந்துவிடும்.

4. மிகுதியை வெளிவிடும் வகை: திருகைத் தளர்த்தியதும் குழாயில் தங்கிய கூடுதல் காற்றைத் தானே வெளியே விடும் வகை ஒன்று உண்டு. காற்று வேலைகளுக்கு இதுவே ஏற்றது.

5. தண்ணீர் பிரிக்கும் கிண்ணம்: அழுத்திய காற்று குளிர்ந்ததும் அதிலுள்ள ஈரம் தண்ணீராகப் பிரியும். பில்டர் கிண்ணத்தோடு சேர்ந்த ரெகுலேட்டர் வாங்கினால் இந்தத் தண்ணீர் அங்கேயே தங்கிவிடும். சிலவற்றில் எண்ணெய் விடும் கிண்ணமும் இருக்கும். அது காற்றால் சுழலும் கருவிகளுக்கு மட்டுமே. வண்ணம் பூசவும் டயருக்கும் அதைப் பயன்படுத்தக் கூடாது.

6. பழைய பொருள்: காஸ் அடுப்பு ரெகுலேட்டரையோ, வெல்டிங் பட்டறையின் ஆக்சிஜன் ரெகுலேட்டரையோ கம்ப்ரசரில் மாட்டக் கூடாது. கம்ப்ரசர் எண்ணெய் பட்ட ரெகுலேட்டரை மறுபடி ஆக்சிஜன் சிலிண்டரில் மாட்டினால் தீப்பற்றி வெடிக்கும்.

மாட்டுவதும் சோதிப்பதும்

ரெகுலேட்டரின் உடலில் அம்புக்குறி இருக்கும். காற்று போகும் திசையும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். கிண்ணம் நேராகக் கீழே தொங்க வேண்டும். போர்வெல் குழாய் பிரியும் இடத்துக்கு அப்பால், தனிக் கிளையில் மட்டுமே ரெகுலேட்டரை மாட்ட வேண்டும். கிளையின் தொடக்கத்தில் ஒரு காக் வைப்பது அவசியம்.

தரைக்கு மேலே காற்றுக் குழாயாக பி.வி.சி. குழாயைப் போடக் கூடாது. வெயிலில் காய்ந்து நொறுங்கும் தன்மை அடைந்து, அழுத்தத்தில் துண்டு துண்டாகச் சிதறும். இரும்புக் குழாய் அல்லது அழுத்தம் குறிக்கப்பட்ட காற்று ஹோஸ் போதுமானது.

தொடங்குமுன் திருகை முழுவதும் தளர்த்திவிட வேண்டும். காக்கைத் திறந்து, கருவியில் காற்று ஓடும்போதே திருகை மெல்ல இறுக்கி வேண்டிய அளவில் நிறுத்த வேண்டும். காற்று ஓடாதபோது வைத்த அளவு, ஓடும்போது குறைந்துவிடும்.

பிறகு கருவியை மூடிவிட்டு முள்ளைக் கவனிக்க வேண்டும். முள் சற்று ஏறி நின்றால் சரி. மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனால் உள் வால்வில் தூசியோ தேய்வோ இருக்கிறது என்று பொருள். திருகின் பக்கத்து ஓட்டையில் காற்று ஓயாமல் வந்தாலும் வால்வு சரியாக மூடவில்லை, அல்லது ரப்பர் தகடு கிழிந்துவிட்டது என்று கொள்ளலாம். அதைச் சரிசெய்யாமல் பயன்படுத்தக் கூடாது.

எந்த வேலைக்கு எவ்வளவு?

டிராக்டரின் பெரிய பின் டயருக்கு அழுத்தம் மிகக் குறைவு. வயல் வேலைக்குப் பெரும்பாலும் ஒரு கிலோ அளவே போதும். முன் டயருக்கும் டிரெய்லர் டயருக்கும் அதைவிடக் கூடுதல் வேண்டும். டிராக்டர் கைப்புத்தகத்திலும் டயரின் பக்கத்திலும் உள்ள அளவையே பின்பற்ற வேண்டும்.

தூசி ஊதுவதற்கு 2 கிலோவுக்கு மேல் வேண்டாம். அமெரிக்காவின் தொழிலாளர் பாதுகாப்பு விதிகளும் காற்றால் துடைக்கும் வேலைக்கு 30 பவுண்டுக்குக் குறைவாக, அதாவது ஏறக்குறைய 2 கிலோவுக்குள்தான் அனுமதிக்கின்றன. ஏர் பில்டரை உட்புறமிருந்து வெளிப்புறமாக ஊத வேண்டும். அதிக அழுத்தத்தில் காகித பில்டர் கிழிந்து, தூசி நேரே இன்ஜினுக்குள் போகும். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளும் மடங்கிவிடும்.

வண்ணம் பூசும் சாதாரணத் துப்பாக்கிக்கு 2 முதல் 3.5 கிலோ வரை போதும்.

வேலை முடிந்ததும் உடம்பிலுள்ள தூசியைக் காற்றால் ஊதிக்கொள்ளும் பழக்கத்தை அடியோடு விட வேண்டும். கண்ணில் பட்டால் பார்வை போகும். புண்ணின் வழியாகக் காற்று உடலுக்குள் புகுந்தால் உயிருக்கே ஆபத்து. குழந்தைகள் கம்ப்ரசர் ஹோஸைத் தொட விடக் கூடாது.

மறக்கக் கூடாத பராமரிப்பு

தினமும் தொட்டியின் அடியிலுள்ள காக்கைத் திறந்து தண்ணீரை வடிக்க வேண்டும். வடிக்காத தண்ணீர்தான் தொட்டியை உட்புறமாக அரிக்கிறது. மோட்டாரைப் போடுமுன் தொட்டியில் மிச்சமுள்ள அழுத்தத்தை விட்டுவிட்டால் மோட்டாருக்குத் தொடக்கப் பளு குறையும். மின்னழுத்தம் குறைந்த நேரத்தில் இது மிகவும் அவசியம்.

வாரம் ஒருமுறை சேப்டி வால்வின் வளையத்தை, முகத்தை விலக்கிக்கொண்டு, இழுத்துப் பார்க்க வேண்டும். காற்று சீறி வெளிவந்து, விட்டதும் மூடிக்கொண்டால் நல்ல நிலையில் உள்ளது. ஒட்டிக்கொண்டு திறக்காவிட்டால் அன்றே மாற்ற வேண்டும். வால்வு திறக்கும் அளவு, தொட்டியின் தகட்டில் பொறித்த அழுத்தத்தை எக்காரணம் கொண்டும் தாண்டக் கூடாது.

பழைய தொட்டி வாங்குவோர் அதன் பலத்தைச் சோதிக்கும்போது காற்றை ஏற்றிச் சோதிக்கக் கூடாது. தண்ணீரை முழுவதும் நிரப்பி, கைப்பம்பால் அழுத்தம் கொடுத்து, தெரிந்தவரைக் கொண்டே சோதிக்க வேண்டும். தண்ணீர் அழுத்தத்தில் தகடு விட்டாலும் கசிந்து நின்றுவிடும். காற்றழுத்தத்தில் விட்டால் வெடிக்கும்.

கம்ப்ரசர் எண்ணெய் சிறிது சிறிதாகத் தண்ணீரோடு கலந்து வருவதுண்டு. தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் தெரிந்தால் பிஸ்டன் வளையத்தைப் பார்க்க வேண்டும். அந்தத் தண்ணீரைக் குடிக்கப் பயன்படுத்தக் கூடாது.

ஒரு குறிப்பேடு போதும்

இத்தனைக்கும் மேலாக ஒரு விவசாயி செய்ய வேண்டியது, கொட்டகைச் சுவரில் ஒரு குறிப்பேட்டைத் தொங்கவிடுவதுதான். வாரம் ஒருநாள், காலையில் போட்டதும் முள் எவ்வளவு ஏறியது, ஒரு மணி நேரம் ஓடிய பிறகு எங்கே நின்றது, டிரம் நிரம்ப எத்தனை நிமிடம் ஆயிற்று என்ற மூன்றையும் எழுதி வர வேண்டும்.

மார்கழியில் 4.5 கிலோ காட்டிய முள் மாசியில் 3.5 கிலோவுக்கு வந்துவிட்டால், இரண்டு மாதத்தில் தண்ணீர் மட்டம் 33 அடி இறங்கிவிட்டது என்று தெரிந்துவிடும். இனிக் கரும்பு நடலாமா, அரை ஏக்கர் மல்லாட்டையோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று முன்கூட்டியே முடிவு செய்யலாம். பயிரை நட்டுவிட்டுப் பங்குனி, சித்திரையில் தண்ணீருக்கு அலைய வேண்டியதில்லை. கடன் வாங்கி இன்னொரு குழி போடுவதற்கு முன், இருக்கும் குழியில் உண்மையில் என்ன இருக்கிறது என்பதையும் அந்தக் குறிப்பேடு காட்டிவிடும்.

குழாயின் நுனி எத்தனை அடியில் இருக்கிறது என்பது தெரியாவிட்டால், அடுத்த முறை வெளியே எடுக்கும்போது அளந்து, குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட வேண்டும். குழி, மோட்டார், இறைப்புக் கருவிகள் பற்றிய சந்தேகங்களுக்கு வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தை அணுகிக் கேட்கலாம். போகும்போது இந்தக் குறிப்பேட்டையும் எடுத்துச் சென்றால் சரியான யோசனை கிடைக்கும்.

தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் இலவசமாகக் கிடைக்கலாம். பாறை வெடிப்பில் ஊறும் தண்ணீர் அப்படியல்ல. எடுத்ததை மழைதான் திருப்பித் தர வேண்டும். ஆகவே முள் இறங்கினால் இறைப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். வால்வு சீறினால் குழாயை உயர்த்த வேண்டும். ரெகுலேட்டரை அதற்குரிய வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த மூன்றையும் கடைப்பிடித்தால் போர்வெல்லும் கம்ப்ரசரும் நீண்ட நாள் உழைக்கும்; அதை ஓட்டுபவரின் உயிருக்கும் ஆபத்து வராது.